இடமிருந்து ஐந்தாவதாக நிற்பவர்: இலையுதிர்கால நிகழ்ச்சிகளுக்கான நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம்.

எங்கள் அருங்காட்சியகத்தின் இரண்டாவது அறையில் பழைய அச்சுக்கூடம் ஒன்றின் ஊழியர்கள் எடுத்துக்கொண்ட புகைப்படம் மாட்டியிருக்கிறது. மூன்று வரிசை, 17 பேர். சுவரில் இருப்பது நகல்தான். மூலப்படம் உள்ளே பெட்டியில், இருட்டில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் பெயர்களை எழுதி வைத்ததால் 16 பேரை எங்களுக்குத் தெரியும். இடமிருந்து ஐந்தாவதாக நிற்பவருக்கு நேராக மட்டும் ஒரு கேள்விக்குறி.

சில ஆண்டுகளுக்கு முன், பேரனின் பள்ளிச் செயல்திட்டத்துக்குத் துணையாக வந்த மூதாட்டி ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்றார். எங்களில் யாரும் கேட்காமலேயே பேசத் தொடங்கினார். "இவர் இடது கையைப் பின்னால் வைத்திருக்கிறார், பாருங்கள். அந்தக் கையில் இரண்டு விரல் கிடையாது. காகிதம் வெட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் கையைக் காட்டியதே இல்லை." அவர் அந்த மனிதரின் அடுத்த வீட்டில் வளர்ந்தவர். பெயரைச் சொன்னார், எந்த வேலை பார்த்தார் என்று சொன்னார், விரல் போன பிறகும் எழுத்துக் கோப்பதில் மற்றவர்களைவிட வேகமாக இருந்ததைச் சொன்னார். அதே அறையின் கண்ணாடிப் பேழையில் அதுநாள் வரை "அச்சுக் கருவி, உலோகம்" என்ற சீட்டோடு கிடந்த பொருளைக் காட்டி, ஈய எழுத்துகளை அதில் எப்படித் தலைகீழாக அடுக்குவார்கள் என்று பேரனுக்கு விளக்கினார். அருகில் நின்ற எங்கள் உறுப்பினர் ஒருவர் கையில் கிடைத்த நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் முடிந்தவரை குறித்துக்கொண்டார்.

அந்த மாதக் கூட்டத்திலேயே அவரை மீண்டும் அழைத்து முறையாக ஒலிப்பதிவு செய்வதெனத் தீர்மானம் போட்டோம். தீர்மானம் குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கிறது. முதலில் பதிவுக்கருவி இல்லை. கருவி வந்தபோது ஆள் இல்லை. ஆள் கிடைத்தபோது குளிர்காலம் வந்துவிட்டது, அவரால் வெளியே வர இயலவில்லை. பிறகு ஒருநாள் அவருடைய வீட்டுக்கே படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, சட்டத்தின் மரவேலை மிக நன்றாக இருக்கிறது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பழியைப் போட வேறு யாரும் இல்லை. தவறு முழுக்க இந்தக் குழுவினுடையது. அதே தவறை இன்னொரு முறை செய்யக் கூடாது என்பதற்காகவே இந்த இலையுதிர்காலத்தின் நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டிருக்கிறோம். அவற்றுக்குத்தான் உங்களிடம் கையேந்துகிறோம்.

ஏன் இலையுதிர்காலம் என்று சிலர் கேட்டார்கள். கோடையில் இங்கு வருபவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். பள்ளிகள் திறந்து, பொழுது சுருங்கத் தொடங்கும்போதுதான் அக்கம்பக்கத்து மனிதர்கள் உள்ளே வருகிறார்கள், அவசரமில்லாமல் நிற்கிறார்கள், படங்களில் தங்கள் ஆட்களைத் தேடுகிறார்கள். எங்களுக்கு வேண்டியவர்கள் அவர்களே.

முதல் நிகழ்ச்சிக்குப் "பெயர் சொல்லும் நாள்" என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர் தெரியாத முகங்கள் உள்ள படங்களைப் பெரிதாக நகலெடுத்து நீண்ட மேசைகளில் பரப்பிவைப்போம். வருபவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம், சண்டை போடலாம். ("அது என் பெரியப்பா இல்லை, சின்னப்பா!" என்கிற சண்டையைவிடப் பயனுள்ள உரையாடல் எங்கள் கட்டடத்துக்குள் இதுவரை நடந்ததில்லை.) ஒவ்வொரு மேசையிலும் குறிப்பெடுக்க ஒருவரும் ஒரு பதிவுக்கருவியும் இருக்க வேண்டும். யார் சொன்னார், எந்த அளவு உறுதியாகச் சொன்னார் என்பதும் பதிவேட்டில் ஏறும். ஒருவர் சொன்ன பெயரை மற்றொருவர் மறுத்தால் இரண்டும் ஏறும்.

அக்டோபர் 27 அன்று கேசட் நாள். யுனெஸ்கோ அந்தத் தேதியை ஒலி, ஒளி மரபுக்கான உலக நாளாக வைத்திருக்கிறது. அசையும் படங்களைப் பாதுகாப்பது குறித்த பரிந்துரை 1980இல் அதே தேதியில் ஏற்கப்பட்டது. நாங்கள் அதைக் கொண்டாட்டத்துக்காக எடுத்துக்கொள்ளவில்லை. வீடுகளில் இழுப்பறைகளில் கிடக்கும் கேசட்டுகளை வெளியே கொண்டுவர ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தச் சிறு பெட்டிக்குள் எத்தனை பேரின் குரல் அடைந்து கிடக்கிறது என்பது அந்தந்த வீட்டாருக்கே தெரியாது.

சென்ற மாதம் எங்கள் கைக்கு வந்த ஒரு கேசட்டைச் சொல்கிறேன். போட்டுப் பார்த்தபோது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. நாடா கெட்டுவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். திருகாணிகளைக் கழற்றித் திறந்தால், நாடாவைக் கருவியின் ஒலிமுனையோடு ஒட்டி அழுத்திப் பிடிக்கும் நகக்கண் அளவு கம்பளித் துண்டு, பசை காய்ந்து உதிர்ந்து ஒரு மூலையில் கிடக்கிறது. நாடாவை அப்படியே வேறொரு கூட்டுக்கு மாற்றியதும் குரல் தெளிந்துவிட்டது. ஒரு பெரியவர் தன் மகனுக்கு வீட்டுக் கணக்கு வழக்குகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்; நடுவில் ஒரு நாய் குரைக்கிறது; அவர் அதைப் பெயர் சொல்லி அதட்டுகிறார். அந்தக் குடும்பத்தார் இங்கே உட்கார்ந்து அதை மூன்று முறை கேட்டார்கள். கணக்கை அல்ல, அதட்டலை.

இதில் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட்டை எண்ணிம (டிஜிட்டல்) வடிவுக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும். அதைக் கேட்டு எழுத்தில் ஏற்ற, பழகிய கைக்கே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். கேசட்டை ஓட்டும் கருவிகளும் அரிதாகிக்கொண்டு வருகின்றன. காந்த நாடாக்களுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேச அமைப்பும் 2019இலேயே எச்சரித்தன. அவர்கள் குறித்த எல்லை 2025. அந்த எல்லை வந்தே போய்விட்டது. எங்களிடம் ஓடும் நிலையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்றின் ரப்பர் பட்டை வழுக்குகிறது.

வாய்மொழி வரலாறு என்ற துறையை 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் ஓர் அலுவலகமாகவே நிறுவியபோது, பெரும்பாலும் பெரும்புள்ளிகளின் நினைவுகளே பதிவாயின. எழுத்துக் கோப்பவர், பஸ் நடத்துநர், தையல்காரர் என்று ஒலிவாங்கி திரும்பியது பிற்பாடுதான். எங்களைப் போன்ற சிறிய அருங்காட்சியகத்துக்குப் பெரும்புள்ளிகள் அகப்படுவதில்லை என்பது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. நவம்பரில் நான்கு வார இறுதிகளில் பேட்டி எடுக்கும் பயிற்சி நடத்துகிறோம். உயர்நிலைப்பள்ளி மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பாடத்தின் பெரும்பகுதி.

நினைவு தடுமாறும் முதியோருக்கான அமர்வுகள் இம்முறை புதிது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத் தேசிய அருங்காட்சியகங்கள் 2012 முதல் இந்தப் பணியைச் செய்துவருகின்றன: பழைய பொருள்களைக் கையில் கொடுத்துப் பேச வைப்பது, பராமரிப்பவர்களுக்கும் அதைப் பழக்குவது. அண்மை நினைவுகள் முதலில் நழுவினாலும் இளமைக்கால நினைவுகள் பெரும்பாலும் நெடுநாள் நிற்கும் என்பதே இதன் அடிப்படை. வர முடியாதவர்களிடம் நாங்கள் போவோம். ஒரு பெட்டியில் தட்டச்சுப்பொறி, சுழற்றும் தொலைபேசி, தையல் பொத்தான்கள், பழைய பள்ளிப் பலகை. படத்தின் சட்டத்தைப் பாராட்டிய அந்த அம்மாவின் கையில் ஈய எழுத்து ஒன்றைக் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எங்களில் சிலர் இன்னும் பேசிக்கொள்கிறோம்.

நடைப்பயணம், மாலை நேரத் திறப்பு, சிறுவர்கள் பொருள்களைத் தொட்டுப் பார்க்கும் சனிக்கிழமை ஆகியவை சென்ற ஆண்டைப் போலவே நடக்கும். சிறுவர்களின் கைக்கு மாதிரிப் பொருள்களோடு சில அசலும் போகும். வெள்ளைக் கையுறை போட வேண்டாமா என்று பெற்றோர் கேட்பார்கள். காகிதத்துக்கு, கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது. கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு மங்கி, தாளின் ஓரத்தைக் கிழித்துவிடுவோம்.

இனி, பணம் எங்கே போகும் என்பது. நன்கொடை கேட்கும் எவரும் கட்டடத்தைக் காட்டித்தான் கேட்பார்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்க இடம் இருக்கும். எங்களிடம் காட்டுவதற்கு அட்டைப்பெட்டிகள்தான் இருக்கின்றன. சாதாரண அட்டையில் உள்ள அமிலம் உள்ளே வைத்த தாளையும் பழுப்பாக்கி நொறுக்கிவிடும் என்பதால் அமிலமற்ற அட்டைப்பெட்டிகள் வேண்டும். கட்டடத்தைச் சூடேற்றத் தொடங்கும் வாரங்களில் காற்றின் ஈரப்பதம் சடாரென்று இறங்கும். மரம் வெடிக்கும், புகைப்படங்கள் சுருளும். அதை அன்றாடம் அளந்து எழுதும் மானிகள் வேண்டும். இராமபாணப் பூச்சி புகுந்த துணிகளையும் ஏடுகளையும் உறையிலிட்டு மூடி, ஆழ்குளிரில் சில நாள் வைத்துப் பூச்சியைக் கொல்ல உறைபெட்டி வேண்டும். வெளிச்சம் செய்யும் கேடு திரும்பாது; ஆகவே துணி, காகிதம் இருக்கும் அறையில் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) மேல் போகாத விளக்குகள் வேண்டும். அறை மங்கலாக இருக்கிறது என்று வருகையாளர் குறைப்பட்டுக்கொள்வதன் காரணமும் அதுதான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய செலவு ஒன்று உண்டு: வாரத்தில் மூன்று நாள் ஓர் ஆளின் சம்பளம். பேசியதை எழுத்தாக்கி, பெயரையும் படத்தையும் பொருளையும் பதிவேட்டில் ஒன்றோடொன்று கோத்துவைக்கும் வேலையைத் தன்னார்வலர்களைக் கொண்டே செய்துவிடலாம் என்று முன்பு நம்பினோம். ஆர்வம் மட்டும் போதாது. ஒருகாலத்தில் நல்லெண்ணத்தோடு யாரோ பொருள்களின் வரவுப் பதிவேட்டின் கிழிசல்களைச் செலோடேப்பால் ஒட்டிவைத்தார். நாடா உதிர்ந்துவிட்டது, பசை மட்டும் மஞ்சளாகத் தாளுக்குள் இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கங்களில் சில பெயர்களை இப்போது படிக்க முடிவதில்லை.

எவ்வளவு தருவது என்று கேட்பவர்களுக்குத் தொகை சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. கணக்கை வேறு விதமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டி, ஒரு மணி நேரப் பேச்சைப் பதிந்து எழுத்தாக்கும் செலவு, முதியோர் இல்லத்துக்கு ஒருமுறை வாகனம், மூன்று நாள் ஆளுக்கு ஒரு வாரச் சம்பளம். இந்த நான்கின் இன்றைய மதிப்பும் அலுவலகப் பலகையில் எழுதியிருக்கிறது. உங்களால் ஆன ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நான்கைந்து பேர் சேர்ந்தும் ஒன்றை ஏற்கலாம். தொகை சிறிதானாலும் ரசீது உண்டு. வரவும் செலவும் மாதம் ஒருமுறை நுழைவாயிலில் ஒட்டப்படும். ஆண்டு முடிவில் வெளித் தணிக்கையாளர் பார்ப்பார். இந்த நிதி தனிக் கணக்கில் இருக்கும், கட்டடப் பராமரிப்புக்கு அதிலிருந்து எடுக்க மாட்டோம்.

போதுமான தொகை சேராவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். முதலில், அச்சிட்ட வரைபடமும் அழைப்பிதழும் நின்றுபோகும். அடுத்து மாலை நேரத் திறப்பு. அதற்கும் பிறகு விளக்குகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவோம், அதுவரை திரைச்சீலை போதும். ஒலிப்பதிவில் மட்டும் கைவைக்க மாட்டோம்.

பொருளாகத் தர விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். யார் வீட்டுப் பொருள், யார் கொடுத்தது என்று தெரியாமல் வந்தவை ஏற்கெனவே ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் எங்களால் ஏற்கவும் இயலாது. ஏற்கும்போது கொடை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவோம். உங்களிடமே பொருள் இருக்கட்டும், படமும் கதையும் எங்களுக்குப் போதும் என்று சொன்னாலும் வருத்தப்பட வேண்டாம்.

கேசட் நாளுக்கு வருபவர்கள் உறையில் எழுதியிருப்பதை நம்பி வடிகட்ட வேண்டாம். "பாட்டுகள்" என்று எழுதிய கேசட்டின் மறுபக்கத்தில்தான் எங்களுக்கு இரண்டு நல்ல பேட்டிகள் கிடைத்தன. ஓட்டிப் பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். பழைய நாடாவை வீட்டுக் கருவி தின்றுவிடக்கூடும். புகைப்படம் கொண்டுவருபவர்கள் பெயர்களைத் தனித்தாளில் எழுதி எடுத்து வந்தால் போதும். படத்தின் பின்னாலேயே எழுதியாக வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பேனா வேண்டாம்.

இங்ஙனம்,
இலையுதிர்கால நிகழ்ச்சிக் குழுவினர்