ஓவனில் வைக்கும் பற்றிஸ்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன்னுடைய கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பரீட்சை நல்லபடி முடிந்தது கேட்டுப் பெரிய சந்தோஷம். அக்கரைப்பற்றிலும் கச்சான் காத்து தொடங்கிவிட்டதென்று எழுதியிருந்தாய். இங்கும் அதே வெக்கைதான். வாவிப் பக்கம் பொழுதுபட்ட பிறகுதான் கொஞ்சம் ஆறுது.

இனி நீ கேட்ட விசயம், மாத் தோலுக்குள் கிழங்குக் கறி வைத்து மடிக்கிற பற்றிஸ். அடி ஈரமாகுது, விளிம்பு வெடிக்குது, தோல் கல்லுப்போல வருது என்று மூன்று குறை எழுதியிருந்தாய். பிழை உன் கையிலும் இல்லை, புது ஓவனிலும் இல்லை. பொரிக்கிற பற்றிஸ் மாவை ஓவனுக்குள் வைத்திருக்கிறாய். தேங்காய்ப்பாலில் குழைத்த அந்த மா கொதிக்கிற எண்ணெய்க்குள் விழும்போது, அந்த எண்ணெயே அதை மொறுமொறுப்பாக்கிவிடும். ஓவனுக்குள் இருப்பது வெறும் சூடான காற்று. அதில் அந்த மா காய்ந்து இறுகத்தான் செய்யும். வெளியிலிருந்து கிடைக்காத கொழுப்பை மாவுக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டும்.

கணக்கு சுலபம்: மாவில் பாதி நிறை கொழுப்பு. பதினாறு பற்றிஸுக்குக் கோதுமை மா 300 கிராம், பட்டர் அல்லது கட்டி மாஜரின் 150 கிராம், உப்பு முக்கால் தேக்கரண்டி, ஒரு முட்டை மஞ்சள் கரு, தேசிக்காய்ப்புளி ஒரு தேக்கரண்டி, ஐஸ் தண்ணி நாலு மேசைக்கரண்டி. பாணுக்குப் பூசுகிற மெதுவான மாஜரின் வேண்டாம், அதில் தண்ணி கூட. கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுத்து எடு. மா இருபது கிராம் கூடினாலும் தோலில் தெரியும்.

மாஜரினைச் சிறு துண்டுகளாக வெட்டி அரை மணித்தியாலம் ஐஸ்பெட்டிக்குள் வை. பிறகு மாவில் போட்டு விரல் நுனியால் மட்டும் உதிர்த்து விடு. உள்ளங்கை பட்டால் உருகிவிடும். புட்டுக்குக் குழைத்த மாப்போல உதிரியாக வரும். இடையிடையே பயறளவு கட்டிகள் தெரிய வேண்டும். அந்தக் கட்டிகள் வேகும்போது உருகிப் போகிற இடம்தான் தோலில் அடுக்கு விடும். எல்லாம் கரைந்து ஒரே மஞ்சளாக வந்துவிட்டால் அடுக்குக் கிடையாது. மஞ்சள் கரு, புளி, தண்ணி மூன்றையும் கலந்து தெளித்து, பிடித்தால் ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் சேர்த்தெடு. ரொட்டிக்கு அடிப்பதுபோல அடித்துக் குழைக்காதே, கல்லுப்போல வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தக் காத்து நாளில் மா காய்ந்திருக்கும், ஐந்தாவது கரண்டித் தண்ணியும் தேவைப்படலாம். மாரியில் மூன்றரையே போதும். ஈரத் துணியால் மூடி முக்கால் மணித்தியாலம் பிரிட்ஜில் வை. விடியப்புறம் வெக்கை ஏற முன்னர் குழைத்தால் பாதித் தொல்லை குறையும்.

உள்ளுக்கு வைக்கிற கறியில் எதிரி தண்ணிதான். கிழங்கு 350 கிராம், தோலோடு முழுசாக, பச்சைத்தண்ணியில் போட்டு அவி. வெட்டி அவித்தால் தண்ணியைக் குடித்துவிடும். சூட்டோடு தோலுரித்து, வெறும் தாச்சியில் இரண்டு நிமிடம் பிரட்டி ஆவி போக விடு. பசையாக மசிக்காதே, கையால் உடைத்து விட்டால் போதும். கடையில் எடுக்கும்போது தோல் இறுகின பழைய கிழங்காகப் பார்த்து எடு. புதுக்கிழங்கில் ஈரம் கூட.

வெங்காயத்தை நீ பச்சையாகக் கலந்தாய் என்று எழுதியதைப் பார்த்ததும் அடி ஈரமானது ஏனென்று விளங்கியது. வெங்காயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணி. அது ஓவனுக்குள் கக்கினால் போக வழியில்லை, அடியில்தான் ஊறும். 200 கிராம் பம்பாய் வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம் அரை அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை தாளித்து, உப்புப் போட்டு மெல்லிய நெருப்பில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வதக்கு. முதலில் வெள்ளையாகச் சுருங்கும், பிறகு கண்ணாடிபோல வரும். அதில் நிறுத்தாதே. ஓரம் பொன்னிறமாகி, தாச்சியில் வருகிற சத்தம் ஈரச் சத்தத்திலிருந்து பொரிகிற சத்தத்துக்கு மாறும் வரைக்கும் நில். நிறை பாதியாகிவிடும், இனிப்பு வரும். பச்சைமிளகாய் இரண்டு, மஞ்சள் கால் தேக்கரண்டி, வெட்டுத்தூள் (நொறுக்கின செத்தல் மிளகாய்) முக்கால், மிளகுதூள் கால் போட்டு, கிழங்கைச் சேர்த்துப் பிரட்டி இறக்கு. மாசிக் கருவாட்டுத் தூள் போடுவதென்றால் ஒரு மேசைக்கரண்டி; அப்போது உப்பைக் குறை. தேசிக்காய் பிழிவதென்றால் கறி ஆறின பிறகு. நன்றாக ஆற விடு, இளஞ்சூடு இருந்தாலே மாவிலுள்ள மாஜரின் இளகிவிடும்.

மாவை மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி, பத்து சென்றிமீற்றர் அகலமான டின் மூடியால் வெட்டு. மிச்சத் துண்டுகளைப் பிசையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உருட்டு. ஒரு மேசைக்கரண்டி கறி, அதற்கு மேல் ஆசைப்படாதே. விளிம்பில் ஒரு சென்றிமீற்றர் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு துணுக்குக் கிழங்கோ ஒரு பொட்டு எண்ணெயோ அதில் பட்டால் அந்த இடம்தான் வாய் திறக்கும். தண்ணி தொட்டு மடித்து, காற்றை விரலால் வெளியே தள்ளி, முள்ளுக்கரண்டியால் அழுத்து. மேலே மூன்று குத்து, ஆவி போக. அதை மறந்தாலும் வெடிக்கும். பிறகு இருபது நிமிடம் திரும்பவும் பிரிட்ஜில்.

ஓவனை 200 பாகையில் இருபது நிமிடம் முன்கூட்டியே சூடாக்கு, தட்டும் உள்ளேயே சூடேறட்டும். சூடு போதாவிட்டால் மா இறுக முதல் கொழுப்பு உருகித் தட்டில் வழியும். ஒரு மஞ்சள் கருவில் ஒரு தேக்கரண்டிப் பால் கலந்து மேலே பூசு. மரக்கறிக்காரருக்கென்றால் பால் மட்டும் பூசலாம். மாவிலும் முட்டைக்குப் பதில் ஒரு கரண்டித் தண்ணி. 200இல் பத்து நிமிடம், பிறகு 180இல் பதினைந்து முதல் பதினெட்டு. உன்னுடையது மேசைமேல் வைக்கிற சின்ன ஓவன் என்பதால் மேல்கம்பி கிட்ட இருக்கும். தட்டைக் கீழ்த்தட்டில் வை, பாதியில் ஒருமுறை திருப்பு. மேல் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் ஒன்றைத் தூக்கி அடியைப் பார். அடியும் பொன்னிறமானால்தான் வெந்தது.

எடுத்ததும் பீங்கானில் அடுக்காதே, வேர்த்து இளகிவிடும். கம்பித்தட்டு இல்லாவிட்டால் மா அரிக்கிற அரிதட்டைக் கவிழ்த்து அதன்மேல் பரப்பு. மறுநாள் சூடாக்குவதும் ஓவனில்தான், 160இல் எட்டு நிமிடம். வேகவைக்காமல் ஐஸ்பெட்டியில் தட்டில் உறைய வைத்து, பையில் போட்டு வைத்தால் ஒரு மாதம் நிற்கும். உறைந்தபடியே ஓவனுக்குள் வை, ஆறேழு நிமிடம் கூட எடுக்கும்.

முதல்தரம் நாலை மட்டும் வைத்துப் பார், உன் ஓவனின் சூடு பிடிபடும். அடி எப்படி வந்ததென்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் சிநேகிதி