ட்ரோம்சோவில் இறக்கிவிடும் முன் முள்பட்டை கொடுங்கள்

நார்வே கரையோரம் குளிர்காலக் கப்பல் பயணம் நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஜனவரி முதல் வாரம் உங்கள் கப்பல் ட்ரோம்சோவில் நின்ற அன்று நடந்தது உங்கள் மருத்துவ அறைப் பதிவேட்டிலேயே இருக்கும். கேட்க வந்தது ஒன்றுதான்: பயணிகளைக் கரையில் இறக்கும் முன், காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டையைக் கையில் கொடுங்கள்.

முந்தைய இரவு அறைக்கு வந்த தாளில் கம்பளி உடை பற்றி அரைப் பக்கம் இருந்தது. "நகரை நடந்தே ரசிக்கலாம்" என்றும் இருந்தது. தரையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தாலும், வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் அந்த ஊரில் குளிர் அவ்வளவு கடுமை இல்லை. வம்பே அதில்தான். பனி உருகும், மழை பெய்யும், மறுபடி உறைந்து பாதையெல்லாம் கண்ணாடி ஆகிவிடும். ஆளைச் சாய்ப்பது குளிர் அல்ல, நடைபாதை. வருடா வருடம் அங்கே போகும் உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

கடைத்தெருவில் வழுக்காமல் இருக்கச் சரளைக்கல் தூவியிருந்தார்கள். 1861இல் கட்டிய மரத் தேவாலயம், துருவப் பயணி ஆமுண்ட்சென் சிலை, துறைமுகம் என்று அம்மா உற்சாகமாகத்தான் நடந்தார். அந்த மாதத் தொடக்கத்தில் அங்கே சூரியன் எழுவதே இல்லை. நண்பகலில் ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான். உங்கள் விளம்பரத்தில் வரும் ஆர்க்டிக் தேவாலயத்தைப் பார்க்க 1,036 மீட்டர் நீளப் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்துக்கு ஏறும் சரிவில் அம்மாவுக்குக் கால் வழுக்கியது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எழுந்து நிற்கவும் பிடிமானம் இல்லை. சாலையோரக் கம்பி வரை உட்கார்ந்தபடியே நகர்ந்தார். எழுபது வயதைக் கடந்தவர், நடுத்தெருவில். அந்த நேரம் அவர் வயதுள்ள உள்ளூர்ப் பாட்டி ஒருவர், காலில் முள்பட்டையோடு, இரு கையிலும் கடைப் பையோடு விறுவிறுவென்று எங்களைக் கடந்து போனார்.

முள்பட்டை ஊர்க் கடைகளில் கிடைக்கிறதே என்றார் உங்கள் வரவேற்பு மேசை அலுவலர். கிடைக்கிறது. அப்படி ஒன்று தேவை என்பதை விழுந்த பிறகா சொல்வது? சிகிச்சைக் கட்டணம் மட்டும் எங்கும் வழுக்காமல் அன்று மாலையே எங்கள் கணக்கில் வந்து சேர்ந்தது.

உங்கள் கப்பல் கடையில் துருவக் கரடி பொம்மைகள் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். நார்வேயின் பெருநிலத்தில் துருவக் கரடியே கிடையாது. அதைப் பார்க்க இன்னும் வடக்கே கடலுக்குள் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போக வேண்டும். ஊரில் இல்லாத கரடி உங்களிடம் இருக்கிறது, அந்த ஊர்ப் பாட்டியிடம் இருக்கும் முள்பட்டை இல்லை. விளம்பரத் தாளிலோ எல்லாம் ஜூன் மாதப் படங்கள், சட்டைக் கையை மடித்துவிட்டுச் சிரிக்கும் மனிதர்கள். குளிர்காலத்துக்கு என்று தனியாகப் பயணச்சீட்டு விற்கத் தெரிகிறது, குளிர்காலத்தில் ஒரு படம் எடுக்கத் தெரியவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இறங்கும் படிக்கட்டருகே முள்பட்டைகளை ஒரு பெட்டியில் வையுங்கள். இலவசமாக வேண்டாம், முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பி வந்ததும் பட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய இரவுத் தாளில் கம்பளிக்குக் கீழே தரையைப் பற்றியும் இரண்டு வரி சேருங்கள். அடுத்த குளிர்காலப் பயணத்துக்கு முன் இதைச் செய்ய முடியுமா என்று தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயணி ஒருவர்