அண்ணாச்சி, டி.வி. செத்துப்போச்சு!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'இணைய யுகத்தில் தொலைக்காட்சி தாக்குப்பிடிக்குமா?' என்ற தலைப்பில் போன ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாமிரபரணிக் கரையில் ஏரலில் 1994-லிருந்து கேபிள் நடத்துகிறவன் நான். வாரத்துக்கு நாலு பேராவது போன் போட்டு, "அண்ணாச்சி, டி.வி. செத்துப்போச்சு, வந்து பாருங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் பாதி நேரம் செட்டாப் பாக்ஸின் அடாப்டர்தான் போயிருக்கும். அதனால் உங்கள் கட்டுரையாளரின் தலைப்பைப் பார்த்து எனக்குப் பெரிதாகப் பதற்றம் வரவில்லை.

ஆனால் கணக்கு கணக்குதான். 2018-ல் என்னிடம் 640 இணைப்பு, இன்று 270. மிச்சப் பேரையெல்லாம் இணையம் கொண்டுபோய்விட்டது என்று கட்டுரையாளர் எழுதுவதை என் வசூல் நோட்டு ஒத்துக்கொள்ளாது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கூட்டிக்கொண்டு போனதால் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அதில் நிறைய. மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷன் இலவச டிஷ்ஷை மாட்டிக்கொண்டவர்கள் கொஞ்சம். 2019 பிப்ரவரியில், கேபிளுக்கு விதி போடும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டண முறை வந்தபோது மிரண்டு ஓடியவர்கள்தான் அதிகம். 2011-ல் அரசு கேபிள் வந்தபோது மாதம் 70 ரூபாய்க்குப் பார்த்துப் பழகிய ஜனம். அவர்களிடம் போய், 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130, ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆக 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, பெரிய சேனல் என்றால் 19 ரூபாய் என்று வாசல் வாசலாக நின்று கணக்குப்பாடம் எடுத்தேன். 2016-லேயே 4ஜி வந்து டேட்டா மலிந்து கிடந்தது. "இம்புட்டா? நாங்க போன்லயே பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

இப்போது 90 வீட்டுக்கு நானே ஃபைபர் இழுத்து இன்டர்நெட்டும் கொடுக்கிறேன். அதே போஸ்ட்தான், அதே ஏணிதான். என் தொழிலுக்கு உலை வைக்கும் வயரை நானே கட்டுகிறேன் என்று வீட்டுக்காரி கேலி செய்வாள். ஆனால் அந்த வீடுகளில் ஸ்மார்ட் டி.வி.யில் ஓடுவது என்ன? முந்தின நாள் சீரியல், சமையல் போட்டி, பட்டிமன்றம், சேனல்களின் பழைய காமெடித் துண்டுகள். எல்லாம் டி.வி.க்காக எடுத்த சரக்கு.

ஒரு கூத்தையும் சொல்கிறேன். 2023-ல் ஐ.பி.எல். முழுவதையும் செல்போனில் இலவசமாகக் காட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர், "கேபிளை வெட்டிருங்க, போன்ல இருந்து டி.வி.க்குப் போட்டுக்கிடுதேன்" என்றார். வெட்டினேன். எதிர்ச்சாரியில் சலூன், அங்கே என் கேபிள். தோனி இறங்கிய அன்றைக்கு சலூனில் கூச்சல் கிளம்பிவிட்டது, டீக்கடை டி.வி.யில் பவுலர் அப்போதுதான் பந்தைத் துணியில் துடைத்துக்கொண்டிருக்கிறார். இணையத்தில் வரும் படம் அரை நிமிஷம் பிந்தித்தான் வந்தது. ஒவ்வொரு விக்கெட்டும் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தே தெரிந்துபோனால் டீக்கடையில் எவன் உட்காருவான்? நாலாம் நாள் திரும்பவும் இணைப்புக் கொடுத்தேன்.

வயர் பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, எங்கள் கடைவீதி தண்ணீருக்குள் கிடந்தது. கரண்டும் இல்லை, டவரும் இல்லை. என் வயரும் ஆம்ப்ளிஃபயரும் ஆற்றோடு போயின.

என் கோபம் இணையத்தின் மேல் இல்லை, சேனல்காரர்கள் மேல். எங்கள் வழியாக வீட்டுக்காரரிடம் கட்டணம் வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு, அரைமணி நேர சீரியலில் விளம்பரத்தையும் வயிறு முட்டத் திணிக்கிறார்கள். மறுநாள் அதே சீரியலைத் துண்டு துண்டாக யூடியூபில் சும்மா போடுகிறார்கள். காசு கொடுத்துப் பார்ப்பவன் ஏமாளியா? டிராய் எங்களுக்கும் டி.டி.எச்.காரர்களுக்கும் விதி போடுகிறது. அதே நிகழ்ச்சி ஆப்பில் போனால் அந்த விதி எட்டிப் பார்ப்பதில்லை. கட்டணச் சேனல் என்றால் விளம்பரத்தைக் குறைக்கட்டும், விளம்பரம்தான் பிழைப்பு என்றால் கட்டணத்தை விடட்டும். இதைப் பற்றி உங்கள் நிருபர் ஒருவர் எழுதினால் நல்லது.

கடைசியாக, வடக்குத் தெரு ஆச்சி விஷயம். வயது எண்பது தாண்டிவிட்டது, எழுத்து தெரியாது. சேனல் நம்பர் மட்டும் மனப்பாடம். பேரன் ஆசையாக 43 இன்ச் ஸ்மார்ட் டி.வி. வாங்கி மாட்டிவிட்டு, "இனிமே கேபிள் வேண்டாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். பத்து நாள் கழித்து ஆச்சியே ஆள் விட்டுக் கூப்பிட்டாள். டி.வி.யைப் போட்டால் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டியாக நிற்கிறது. எதை அமுக்கினாலும் வேறொன்று கேட்கிறது, நடுவில் பாஸ்வேர்டு வேறு. "எனக்குத் தேடத் தெரியாதுய்யா. போட்டவொடனே முகம் தெரியணும்" என்றாள். இரவு மாத்திரையை அவள் எட்டு மணி சீரியல் முடிந்ததும்தான் போடுவாள். அந்தப் பத்து நாளும் மாத்திரை நேரம் தப்பிப்போயிருக்கிறது.

பழைய பாக்ஸை அதே டி.வி.யில் மாட்டி, ரிமோட்டில் அவளுக்கு வேண்டாத பட்டன்களையெல்லாம் இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். நம்பரும், சத்தம் கூட்டுவதும் குறைப்பதும், சிவப்புப் பட்டனும் மட்டும் வெளியே தெரியும். பேரனிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்.

(பெயர் போட வேண்டாம். ஆறு மாத பாக்கி வைத்திருப்பவர்கள் பலரும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.)