நெஞ்சில் தழும்பு இருந்தால் ஈசிஜி எடுங்கள், டாக்டர்

தோட்டப்புறக் கிளினிக்குகளில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டப் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு. ஃபாலோ டெட்ராலஜி என்பார்கள், இருதயத்தில் நாலு குறை சேர்ந்து வருவது. உடம்பு நீலம் பாய்வதால் எங்கள் லயத்தில் 'நீலப்பிள்ளை'. நாலு வயதில் கோலாலம்பூரில் ஆபரேஷன் ஆனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மா மாரியம்மனுக்குப் பால்குடமும் எடுத்துவிட்டார்.

போன வருடம் படபடப்பு என்று ஒரு கிளினிக்குக்குப் போனான். 'கேஸ்ட்ரிக்' என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுமுறை 'டென்ஷன், வேலையைக் குறை' என்றார்கள். செம்பனை ஆலையில் ஷிப்டு பார்ப்பவன் எதைக் குறைப்பான்?

ஒரு ராத்திரி அவன் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 118. படுக்கவைத்து அரை மணி கழித்து எண்ணினேன். அப்போதும் 118. பயத்தில் ஓடும் இருதயம் ஓய்வெடுத்தால் கொஞ்சமாவது இறங்கும். இது அசையவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில்தான் விளங்கியது: இருதயத்தின் மேலறை நிமிடத்துக்கு 236 முறை துடிக்கிறது, இரண்டுக்கு ஒன்றுதான் கீழறைக்கு இறங்குகிறது. உற்றுப் பார்க்காவிட்டால் ஈசிஜியில்கூட சாதாரணப் படபடப்பு மாதிரியே தெரியுமாம்.

காரணம் அந்தப் பழைய ஆபரேஷன். மேலறையை வெட்டித் தைத்த இடம் தழும்பாகி, மின்னோட்டம் அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி, ஆனால் இது வீட்டுக்குத் திரும்புவதில்லை. தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, அந்தப் பாதையை வரைபடமாக எடுத்து, தழும்புக்கும், உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தை இருதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருநாளத்துக்கும் நடுவில் சூடு வைத்து வழியை அடைத்தார்கள். இதற்குப் பெயர் அப்லேஷன். வேறு பாதை பிடித்தால் மறுபடியும் செய்ய வேண்டிவரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. சட்டையை விலக்கிப் பாருங்கள். நடுநெஞ்சில் நீளத் தழும்பு இருந்தால், படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுத்து நகலைக் கையில் கொடுங்கள். சிலருக்கு டவுனுக்குப் பஸ் ஏறுவதற்குள் அடங்கிவிடும், அப்புறம் சாட்சி இல்லை. பிறவி இருதய நோய் தெரிந்த ரிதம் டாக்டரிடம், அதாவது இருதயத் துடிப்புக் கோளாறு பார்க்கும் டாக்டரிடம் அனுப்புங்கள். காத்திருக்கும் நாளில் மேலறையில் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து வேண்டுமா என்று அவர்களிடம் போனிலாவது கேளுங்கள்.

தம்பியின் நகல் இப்போது பர்சில், ஐசிக்கு (அடையாள அட்டைக்கு) பின்னால் நாலாக மடித்துக் கிடக்கிறது.

இப்படிக்கு,
அவன் அக்கா