நிழற்குடை கட்டித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஹட்டி ஊர் மக்களுக்கும், மேஸ்திரி அண்ணனுக்கும், அவருடன் உழைத்த அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரி சாலைத் திருப்பத்தில் நாம் கட்டிய நிழற்குடையில் இப்போது ஆட்கள் மழைக்கு ஒதுங்குகிறார்கள். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத, வளைந்த மெல்லிய கான்கிரீட் கூரை. விமான நிலைய முனையங்களின் கூரைகளுக்குக் கணக்குப் போடுவது என் தொழில். இங்கும் நான் தந்தது கணக்கு மட்டுமே.

முதல் நன்றி, கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அச்சைச் செய்த சென்ட்ரிங் ஆசாரிக்கு. ஈரோ சாரினென் வடிவமைத்து 1962இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவன முனையத்தின் கூரை, ஒய் வடிவத் தாங்கிகள் நான்கின் மேல் நிற்கும், முட்டை ஓடு போல வளைந்த நான்கு கான்கிரீட் ஓடுகள். அதைப் பார்க்கிறவர்கள் சாரினெனைப் புகழ்வார்கள். எனக்கோ, கான்கிரீட் விழுமுன் அங்கே அந்த வளைவைப் பலகையில் கொண்டுவந்த தச்சர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். மெல்லிய ஓட்டின் பலம் அதன் வளைவில் இருக்கிறது. வளைவு பிசகினால், ஓட்டின் வழியே அழுத்தமாக இறங்க வேண்டிய சுமை அதை மடக்கி முறிக்கப் பார்க்கும். நம் ஆசாரி ஒவ்வொரு சட்டத்தையும் அளவு பிசகாமல் இழைத்துத் தந்தார்.

அந்த வளைவைப் பிடித்துத் தந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். சுவரில் சங்கிலியைத் தொங்கவிட்டுக் கரியால் கோடிழுத்தார்கள். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவு கிடைக்கும் என்று ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இலேயே சொல்லியிருக்கிறார்.

அஸ்திவாரம் தோண்டியவர்களை யாரும் பாராட்டவில்லை. எனக்கு அது வருத்தம். வளைவின் கால்கள் எப்போதும் வெளிப்பக்கம் விலகப் பார்க்கும். தேயிலைச் சரிவின் மண்ணை நம்பி அந்தத் தள்ளலை விட முடியாது. அதனால்தான் எதிரெதிர்க் கால்களைத் தரைக்கடியில் கம்பி போட்ட உத்தரத்தால் இழுத்துக் கட்டினோம். மழையில் பள்ளம் சரியச் சரிய, தண்ணீரை இறைத்து இறைத்து அதை முடித்துக் கொடுத்தீர்கள்.

ஈரச்சாக்கு போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிய அக்காக்களுக்கு என் வணக்கம். ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு முன் திறந்துவிடலாமே என்று கேட்ட பெரியவர்கள், குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும் என்றதும் பொறுத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமை பெரிய உதவி. முட்டுகளை உச்சியில் தொடங்கி ஓரம்வரை சிறிது சிறிதாகத் தளர்த்தியபோது மேஸ்திரி காட்டிய நிதானமும் அப்படித்தான்.

ஊர் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். விளக்குக்கோ பேனருக்கோ கூரையில் துளை போட வேண்டாம். பாரிஸ் சார்ல் தெ கோல் விமான நிலையத்தின் 2இ முனையத்தில் வளைவுக் கூரையின் ஒரு பகுதி 2004 மே 23 அன்று இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. ஓட்டில் விட்ட திறப்புகளும், எஃகுத் தாங்கிகள் கான்கிரீட்டுக்குள் ஆழமாக ஊன்றப்பட்டிருந்ததும், ஓரிடம் தளர்ந்தால் சுமையை வாங்கிக்கொள்ள மாற்று வழி போதாமல் இருந்ததும் அவற்றில் சேரும். விளக்குக்குப் பின்சுவரில் கொக்கி வைத்திருக்கிறோம். ஒயரை அதில் கட்டுங்கள். கூரை ஓரத்து நீர்வழியில் சருகு அடையாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன டீக்கடை அண்ணனுக்கும் என் நன்றி.