இரட்டைப் பிள்ளைகள் என்றால் லேட்டாகத்தான் பேசுவார்களா?

குழந்தை நல மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் இரட்டைப் பெண்களின் அம்மா. இரண்டு வயதாகியும் சின்னவள் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று கேட்டதற்கு எங்கள் டாக்டர் சொன்னது இதுதான்: "ரெட்டைன்னா லேட்டாத்தாம்மா பேசும், மூணு வயசு வரைக்கும் பாருங்க." இரட்டைப் பிள்ளை பெற்ற அம்மாக்களைக் கேளுங்கள், பலரும் இதையே கேட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

தாமதமாகலாம், உண்மைதான். 2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 473 ஜோடி இரட்டையரைப் பார்த்தது. 2 வயதில், ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்தவர்களில் 47 சதவீதமும் மற்ற இரட்டையரில் 31 சதவீதமும் பேச்சில் பின்தங்கியிருந்தார்கள். சரி, இவ்வளவு பேருக்கு வருகிறது என்றால் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்றுதானே அர்த்தம், வீட்டுக்குப் போய்க் காத்திருங்கள் என்று எப்படி ஆகும்?

குறைமாதம் என்பார்கள். என் பிள்ளைகள் 34 வாரத்தில், அதாவது ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தவர்கள், வயதில் அந்த ஆறு வாரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கழிக்க என்ன இருக்கிறது?

ஒன்றரை வயது தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் பந்தைக் காட்டினார், பெரியவள் "பந்து" என்றாள், இரண்டு பேர் அட்டையிலும் பேச்சு சரி என்று எழுதிவிட்டார். வீட்டிலும் அப்படித்தான், சின்னவள் கை நீட்டுவதற்குள் "பாப்பாக்குப் பாலு" என்று பெரியவள் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுவாள். கடைசியில் வேறொரு டாக்டர் சின்னவளை மட்டும் தனியாக உட்காரவைத்துப் பார்த்து, காதைப் பரிசோதிக்கச் சொன்னார். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. அவளுக்குச் சரியாகக் கேட்கவே இல்லை.

அதனால் கேட்கிறேன், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பாருங்கள், ஒருத்தியைப் பார்க்கும்போது மற்றவள் வெளியே பாட்டியிடம் இருக்கட்டும். இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை என்றால் முதலில் காதைப் பாருங்கள், அதிலும் பிறந்தவுடன் ஐசியூவில் இருந்த பிள்ளை என்றால் கட்டாயம். இருவரையும் சேர்த்து வைத்தே பேசிப் பழகிய எங்களுக்கு, ஒவ்வொருவரோடும் தினமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசச் சொல்லுங்கள், இரட்டையருக்குப் பெரியவர்களிடமிருந்து குறைவாகக் கிடைப்பது அதுதான்.

2013இல் வந்த ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில், பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வளர்ச்சி தாமதமான பிள்ளைகளைப் பார்க்கும் டிஇஐசி மையங்கள் இருக்கின்றன, பேச்சுப் பயிற்சிக்குக் காசு கிடையாது. இது தெரியாத அம்மாக்கள்தான் அதிகம். அவர்கள் கேட்காவிட்டாலும் சீட்டில் அங்கே போகும்படி எழுதிக் கொடுங்கள்.