பண்டிகைக்காலக் கூடுதல் ரயில்கள் பகலிலும் ஓடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி விடுமுறையை முன்னிட்டு ஈப்போ வழியாக வடக்கே செல்லும் இ.டி.எஸ். எனும் மின்சார ரயில்களின் எண்ணிக்கை கூட்டப்படும் என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தி, சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் வாழும் எங்களுக்கு மகிழ்ச்சி அளித்தது. ஆனால், பண்டிகைக்கு ஊர் திரும்பும் தொழிலாளர்களை மட்டும் மனத்தில் வைத்துக் கூடுதல் ரயில்களை இரவிலேயே ஓட்டினால், பிள்ளைகளுக்கு அப்பயணம் வெறும் உறக்கமாகவே கழிந்துவிடும். கடந்த ஆண்டு விடுமுறையில் பேரப்பிள்ளைகளைப் பகல் ரயிலில் பட்டர்வொர்த்துக்கு அழைத்துச் சென்றபோது, பாடாங் ரெங்காஸைக் கடந்ததும் வந்த மலைச் சுரங்கப்பாதையையும், தைப்பிங்கிற்கு அப்பால் இருபுறமும் நீர் விரிந்துகிடக்கும் புக்கிட் மேரா ஏரியையும் கண்ட அவர்கள், கைப்பேசியைத் தொடவே இல்லை. இந்நாட்டின் முதல் ரயில் 1885ஆம் ஆண்டில் ஓடியது அதே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்குத்தான் என்பதையும், மலாயாவின் தண்டவாளங்களை அமைத்ததில் தமிழர்களின் உழைப்பு எத்துணை பெரியது என்பதையும் அந்த இடத்திலேயே அவர்களுக்குச் சொல்ல முடிந்தது. பாடநூலில் படித்திருந்தால் அவர்கள் இத்தனை கேள்விகள் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனவே, கூடுதல் ரயில்களில் ஒன்றையேனும் காலையில் புறப்படச் செய்து, அதில் ஒரு பெட்டியைப் பிள்ளைகளுடன் வரும் குடும்பத்தினர் சேர்ந்து அமர்வதற்கென ஒதுக்கி, அதற்கான பயணச்சீட்டுகளில் ஒரு பகுதியைச் சிறு நிலையங்களின் முகப்பிடங்களிலும் விற்குமாறு போக்குவரத்து அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். இணையத்தில் முன்பதிவு செய்யத் தெரியாத தோட்டத்துப் பெரியவர்கள் இன்னும் பலர் உள்ளனர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்